வெடிபொருள் கப்பலில் முதல் பயணம்: புதிதாகச் சேருபவருக்கு ஒரு வழிகாட்டி

விமானந்தாங்கிக் கப்பல் ஒன்று நாளெல்லாம் விமானங்களை அனுப்பிக்கொண்டே இருந்தால், சில நாட்களில் அதன் குண்டுக் கிடங்கு காலியாகத் தொடங்கும். அதற்காகப் பல நூறு மைல் திரும்பித் துறைமுகத்துக்குப் போய்வர நேரம் இருக்காது. அப்போது அதன் பக்கத்தில் இன்னொரு கப்பல் வரும். இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஒரு கம்பி வடத்தை இழுத்துக் கட்டி, குண்டுகளையும் ஏவுகணைகளையும் அதில் தொங்கவிட்டு அனுப்பும். அதுதான் வெடிபொருள் விநியோகக் கப்பல்.

அதில் வேலை என்றதும், "பயமாக இருக்காதா?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். கொஞ்சம் பயம் இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் அந்தக் கப்பலைக் காப்பாற்றுவது ஒழுங்கு. எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, எது எதன் பக்கத்தில் இருக்கக் கூடாது, எது முதலில் வெளியே போக வேண்டும் என்பதெல்லாம் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தால் கப்பல் பத்திரமாக இருக்கும். அந்த ஒழுங்குக்குள் நீங்கள் எப்படிப் படிப்படியாக நுழைவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏறுவதற்கு முன்

இந்த வகைக் கப்பலை அதிக எண்ணிக்கையில் ஓட்டியது அமெரிக்கக் கடற்படைதான். அதனால் இங்கே வரும் விவரங்கள் பெரும்பாலும் அங்கிருந்து வருபவை. அவர்கள் கணக்கில் இதன் குறியெழுத்து ஏஇ. பெயரைக் கேட்டாலே கண்டுபிடித்துவிடலாம். பைரோ, நைட்ரோ என்று வெடியை நினைவூட்டும் பெயர்கள் இருக்கும், இல்லாவிட்டால் கிலவேயா, ஷாஸ்டா, மவுண்ட் பேக்கர் என்று எரிமலைகளின் பெயர்கள் இருக்கும்.

கிலவேயா 1968-இல் சேவைக்கு வந்தது. நீளம் 564 அடி, வேகம் 20 நாட், அதாவது மணிக்கு 20 கடல் மைல். 1980-இல் அது மிலிட்டரி சீலிஃப்ட் கமாண்ட் என்ற அமைப்பின் கைக்கு மாறியது. அந்த அமைப்பின் கப்பல்களை ஓட்டுபவர்கள் சீருடை அணியாத சிவில் மாலுமிகள். கடற்படைக்காரர்கள் ஏறக்குறைய 400 பேர் இருந்து பார்த்த வேலையை, இவர்கள் அதில் பாதிக்கும் குறைவான ஆட்களை வைத்துச் செய்தார்கள். தனி ஏஇ கப்பல்கள் இன்று ஓய்வு பெற்றுவிட்டன. 2006 முதல் வந்த லூயிஸ் அண்ட் கிளார்க் வகைக் கப்பல்கள் 14, வெடிபொருளோடு உணவு, உதிரிப்பாகம் எல்லாவற்றையும் சேர்த்தே சுமக்கின்றன. கப்பல் மாறினாலும் சரக்கு அறைக்குள்ளும் மேல்தளத்திலும் நடக்கும் வேலை மாறவில்லை.

இந்த வேலையில் சேர அமெரிக்கக் குடியுரிமை, கடலோரக் காவல்படை தரும் மாலுமிச் சான்று, மருத்துவத் தகுதி, பின்னணி விசாரணை எல்லாம் தேவை. சேரும்போது டெக்கில் கடைநிலை மாலுமியாகவோ, இயந்திர அறையில் துடைப்பு வேலையாளாகவோ, சமையல் பகுதியில் உதவியாளாகவோ சேருவீர்கள். எங்கே சேர்ந்தாலும் கீழே வருவதைப் படியுங்கள். வெடிபொருள் மாற்றும் நாளில் கப்பல் முழுக்க அதே வேலையில்தான் இருக்கும்.

ஏறும் முன் மவுண்ட் ஹூட் கதை தெரிந்திருக்க வேண்டும்

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இங்கே இருக்கும் பல விதிகள் ஏன் இருக்கின்றன என்று புரிய இதைவிட நல்ல வழி இல்லை.

1944 நவம்பர் 10 அன்று பசிபிக்கில் மானுஸ் தீவின் சீயாட்லர் துறைமுகத்தில் மவுண்ட் ஹூட் என்ற வெடிபொருள் கப்பல் நங்கூரமிட்டிருந்தது. உள்ளே ஏறக்குறைய 3,800 டன் வெடிபொருள். காலை 8:25 மணிக்கு ஒரு சிறு குழு படகில் ஏறிக் கரைக்குப் போனது. 8:55-க்குக் கப்பல் வெடித்தது. கப்பலில் இருந்த ஒருவரும் மிஞ்சவில்லை. கரைக்குப் போன அந்த 18 பேர்தான் அதன் மாலுமிகளில் உயிரோடு இருந்தவர்கள். கப்பலின் எச்சமாகக் கிடைத்த துண்டுகளில் 16 அங்குலத்துக்கு 10 அங்குலத்தைவிடப் பெரியது எதுவும் இல்லை. கடலடியில் ஆயிரம் அடி நீளத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது. 350 கஜம் தள்ளி நின்ற மிண்டனாவோ என்ற பழுதுபார்ப்புக் கப்பலில் மேல்தளத்தில் வேலையாக இருந்தவர்கள் பலர் இறந்துபோனார்கள்.

காரணத்தைச் சொல்ல ஒரு சாட்சிகூட இல்லை. விசாரணை எதையும் உறுதியாக முடிவு செய்யவில்லை. ஆனால் வெடிபொருளை முரட்டுத்தனமாகக் கையாண்டது, அனுபவம் குறைந்த ஆட்கள், தீ விதிகளில் கவனக்குறைவு என்று அது எழுதிவைத்தவை எல்லாமே தினசரி விஷயங்கள். யாரோ ஒருவர் பெரிய தவறு செய்தார் என்று அதில் தேட முடியாது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். 1971-இல் சேவைக்கு வந்த இன்னொரு வெடிபொருள் கப்பலுக்கும் கடற்படை அதே பெயரை வைத்தது.

முதல் நாள்

கப்பலில் ஏறியதும் சட்டைப்பையைக் காலி செய்யுங்கள். லைட்டர், தீப்பெட்டி எதுவும் சரக்கு அறைக்குள் போகக் கூடாது. கைப்பேசியும் கூடாது. வெடிபொருட்களில் பல மின்சாரத்தால் தூண்டப்படுபவை. வானொலி அலை அந்த மெல்லிய கம்பிகளில் மின்னோட்டத்தை உண்டாக்கிவிடலாம் என்பதால், வெடிபொருள் வெளியே இருக்கும் நேரத்தில் கப்பலின் பெரிய ரேடார்களையும் வானொலிகளையும்கூட அணைப்பார்கள், இல்லாவிட்டால் சக்தியைக் குறைப்பார்கள். உங்கள் பையில் இருக்கும் சின்னக் கருவிக்கும் அதே விதிதான். புகைபிடிக்க ஒதுக்கிய இடம் எங்கே, அது எப்போதெல்லாம் மூடப்படும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்து, படுக்கையிலிருந்து மேல்தளத்துக்குப் போகும் வழியைக் கண்ணை மூடிக்கொண்டு நடந்து பாருங்கள். வேறொரு வழியிலும் நடந்து பாருங்கள். சரக்கு அறையிலிருந்து வெளியேறும் ஏணி எங்கே, தீயணைப்புக் குழாய் எங்கே, கிடங்கின் மேல் தண்ணீர் பொழியும் ஸ்பிரிங்க்ளருக்கான வால்வு எங்கே என்பதையெல்லாம் முதல் வாரத்துக்குள் தெரிந்துகொள்ளுங்கள். வால்வைத் தொட வேண்டாம், இடம் தெரிந்தால் போதும்.

பெட்டியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஒரு புதியவரின் முதல் மாதத்தில் மிக முக்கியமான படிப்பு இதுதான். என்னைக் கேட்டால், முடிச்சு போடக் கற்பதைவிட இதுவே முதலில் வர வேண்டும்.

உலகம் முழுக்க வெடிபொருட்கள் வகுப்பு 1 என்ற தலைப்பின் கீழ் வருகின்றன. அதில் ஆறு பிரிவுகள் இருக்கின்றன. 1.1 என்றால் குவியல் முழுவதும் ஒரே நேரத்தில் வெடிக்கும். 1.2 என்றால் சிதறு துண்டுகள்தான் முதன்மை ஆபத்து. 1.3 என்றால் கடுமையாக எரியும், பீரங்கி உந்துமருந்து பல இதில் அடங்கும். 1.4 ஓரளவு சிறிய ஆபத்து, கைத்துப்பாக்கித் தோட்டாக்கள் போன்றவை. 1.5-உம் 1.6-உம் எளிதில் தூண்டப்படாதவை.

தீயணைப்புக்காரர் தூரத்திலிருந்தே தெரிந்துகொள்ள, கிடங்குகளில் ஆரஞ்சு நிறப் பலகைகள் இருக்கும். எண்கோணத்தில் 1, பெருக்கல் குறி வடிவத்தில் 2, தலைகீழ் முக்கோணத்தில் 3, சாய்சதுரத்தில் 4 என்று எழுதியிருக்கும். எண் புகையில் மறைந்தாலும் வடிவம் தெரியும். அந்த நான்கு வடிவங்களையும் இன்றைக்கே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு எழுத்து வரும், 1.1டி என்பதைப் போல. எது எதனுடன் சேர்ந்திருக்கலாம் என்பதை அந்த எழுத்து சொல்கிறது. டெட்டனேட்டர்கள் பி குழு. குண்டின் உள்ளே இருக்கும் பெருவெடி மருந்து டி குழு. வெள்ளைப் பாஸ்பரஸ் கலந்தவை எச் குழு. பி-யையும் டி-யையும் ஒரே அறையில் வைத்தால், எளிதில் வெடிக்கும் சின்னப் பொருளை, தானாக வெடிக்காத பெரிய பொருளின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்ததாகிவிடும். அதனால்தான் 500 பவுண்டு குண்டு ஒரு கிடங்கில் இருக்கும், அதை வெடிக்கத் தூண்டும் ஃபியூஸ் வேறு கிடங்கில் இருக்கும், வால்துண்டு தனிப் பெட்டியில் இருக்கும். மூன்றும் ஒன்றுசேருவது வாங்கிக்கொள்ளும் கப்பலில்தான்.

இந்தப் பிரிவினை மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் நடந்ததே சான்று. ஃபோர்ட் ஸ்டிக்கைன் என்ற சரக்குக் கப்பலில் வெடிபொருளோடு பஞ்சுப் பொதிகளும் இருந்தன. பஞ்சு பற்றிக்கொண்டது, பிறகு கப்பலே வெடித்தது, துறைமுகம் எரிந்தது.

அப்புறம் நிறம். அமெரிக்க முறையில் மஞ்சள் பட்டை இருந்தால் உள்ளே பெருவெடி மருந்து. பழுப்புப் பட்டை என்றால் உந்துமருந்து. நீலம் என்றால் பயிற்சிக்கானது. நீலத்தைப் பார்த்து அலட்சியமாக இருக்கக் கூடாது. பயிற்சிப் பொருளில்கூடப் புகை எழுப்பச் சின்ன மருந்து இருக்கலாம்.

கடைசியாக, லாட் எண். புதியவர்கள் கண்டுகொள்ளாமல் விடுவது இதைத்தான், உண்மையில் இதுதான் மிகவும் பெறுமதியானது. ஒரே தொழிற்சாலையில், ஒரே தொகுதி மருந்தில், ஒரே சமயத்தில் செய்தவற்றுக்கு ஒரே எண். எங்கேயாவது அந்த லாட்டில் ஒன்று கெட்டது என்று தெரிந்தால், எல்லாக் கப்பல்களுக்கும் செய்தி பறக்கும்: அந்த எண்ணைத் தொடாதே, தனியே வை. எண்ணைத் தவறாகப் பதிந்துவிட்டால் அந்தச் செய்தி வந்தும் பயனில்லை. ஒரு இலக்கம் தெளிவாகத் தெரியாவிட்டால் ஊகித்து எழுதாதீர்கள். விளக்கை எடுத்துப் போய் மறுபடி பாருங்கள்.

பெட்டியின் வயதும் நிலையும் எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு நிகழ்ச்சியால் சொல்கிறேன். 1967 ஜூலை 28 அன்று டயமண்ட் ஹெட் என்ற வெடிபொருள் கப்பல், வியட்நாம் கடற்பகுதியில் ஃபாரஸ்டல் என்ற விமானந்தாங்கிக்குக் குண்டுகள் கொடுத்தது. அவற்றில் பழைய 1,000 பவுண்டு குண்டுகள் சில இருந்தன. உள்ளே காம்போசிஷன் பி என்ற பழைய மருந்து. வெப்பத்தில் நீண்ட நாள் கிடந்து வெளியே துருவேறியிருந்தவை அவை. வாங்கிய கப்பலின் குண்டுப் பிரிவு ஆட்களே அவற்றைப் பார்த்துக் கவலைப்பட்டார்கள். மறுநாள் ஒரு ராக்கெட் தவறுதலாகப் பாய்ந்து விமானத் தளத்தில் தீப்பிடித்தபோது, அந்தப் பழைய குண்டுகளில் ஒன்று ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்தில் வெடித்தது. இன்னும் சில நிமிடங்கள் இருக்கின்றன என்று நம்பித் தீயணைக்கப் போனவர்கள் அதில் சிக்கினார்கள். மொத்தம் 134 பேர் இறந்தார்கள்.

ராக்கெட் பாய்ந்ததில் டயமண்ட் ஹெட்டுக்குப் பங்கில்லை. ஆனால் சரக்கு அறையிலிருந்து நீங்கள் மேலே அனுப்பும் ஒவ்வொரு பாலட்டும் (குண்டுகளை அடுக்கிக் கட்டிய தட்டு) நாளை யாருடைய காலடியிலோ இருக்கப் போகிறது. மருந்து கசிந்திருக்கிறதா, துரு ஏறியிருக்கிறதா, இரும்புப் பட்டை தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்தச் சொன்ன புதியவரை நல்ல மேற்பார்வையாளர் ஒருபோதும் திட்ட மாட்டார்.

ஏற்றும் நாட்கள்

வெடிபொருள் ஏற்றும் துறை ஊரை விட்டு ஒதுங்கியே இருக்கும். நியூ ஜெர்சியில் உள்ள ஏர்ல் ஆயுத நிலையத்தின் பாலம் கடலுக்குள் 2.9 மைல் நீள்கிறது. கப்பல் வெடித்தாலும் கரையில் இருப்பவர்கள் பிழைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டிய தூரம் அது. அதனால் துறைமுகத்தில் நிற்கிறோம், மாலையில் ஊர் சுற்றலாம் என்று நினைத்து வராதீர்கள். வெடிபொருள் வேலை நடக்கிறது என்று காட்ட, பகலில் சிவப்பான பிராவோ கொடியும் இரவில் சிவப்பு விளக்கும் ஏறியிருக்கும். வெல்டிங் போன்ற தீப்பொறி வேலை எல்லாம் நின்றுவிடும்.

ஏற்றும் வேலையில் முதலில் புரிய வேண்டியது தலைகீழ் வரிசை. கடலில் முதலில் வெளியே போக வேண்டியது கடைசியில் உள்ளே வரும். எந்தக் கப்பலுக்கு, எந்த நாளில், எது என்று சரக்கு அதிகாரி வரைபடம் போட்டிருப்பார். அந்த வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உங்களுக்குச் சொன்ன பாலட்டை மட்டும் வைத்துவிட்டுப் போவதைவிட, அது ஏன் அந்த மூலையில் வைக்கப்படுகிறது என்று தெரிந்து வைப்பது வேறு. தெரிந்தவர் கண்ணுக்குத்தான் தவறு தட்டுப்படும்.

பாலட்டுகளின் எடையைப் பழகிக்கொள்ளுங்கள். 500 பவுண்டு குண்டு ஒரு பாலட்டில் ஆறு, 1,000 பவுண்டு மூன்று, 2,000 பவுண்டு இரண்டு. எதை எடுத்தாலும் 3,000 முதல் 4,000 பவுண்டுக்கு மேல் வரும். சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டுபவருக்குப் பின்னால் நிற்காதீர்கள், தூக்கிய சுமைக்குக் கீழே கையை நீட்டாதீர்கள். கப்பல் ஆடும்போது இந்த எடை நகர்ந்தால் எதாலும் தடுக்க முடியாது. அதனால் ஒவ்வொரு இடைவெளியையும் மரச்சட்டத்தாலோ இரும்புத் தூண்களாலோ அடைத்து இறுக்குவார்கள். இறுக்கிய பிறகு கையால் தள்ளிப் பாருங்கள். சற்றே அசைந்தாலும் சொல்லுங்கள், ஏனென்றால் துறையில் அரை அங்குலம் அசைவது புயலில் ஓரடியாகிவிடும்.

வேகத்தைப் பற்றி ஒன்று. 1944 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவின் போர்ட் சிகாகோவில் வெடிபொருள் ஏற்றிக்கொண்டிருந்தபோது நடந்த வெடிவிபத்தில் 320 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சரியான பயிற்சியே தரப்படாத கறுப்பின மாலுமிகள். அங்கே எந்தக் குழு அதிக டன் ஏற்றுகிறது என்று போட்டி வைக்கப்பட்டிருந்தது. எது தூண்டியது என்று யாருக்கும் தெரியாவிட்டாலும், அந்தப் போட்டியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனது கசக்கிறது. மணிக்கு எத்தனை தூக்கு என்று யாராவது உங்களை விரட்டினால், உங்கள் கை அதற்காக வேகமெடுக்கக் கூடாது.

சாதாரண நாட்கள்

கடலில் பல நாட்கள் ஒன்றும் நடக்காது. துரு சுரண்டுவது, வர்ணம் பூசுவது, வடத்தைச் சுற்றி இழுக்கும் வின்சுகளுக்கு மசகு போடுவது, கம்பி வடத்தில் அறுந்த இழைகளைத் தேடுவது, இப்படியே போகும். தினமும் ஒருவர் ஒவ்வொரு கிடங்காக இறங்கி வெப்பமானியைப் பார்த்து, அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் எழுதி, ஈரம், வாசனை, தளர்ந்த கட்டு ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பார். இந்தச் சுற்று உங்களுக்கு வந்தால் ஒரு கிடங்கையும் விடாதீர்கள். நேற்றைய எண்ணைப் பார்த்து இன்றைக்கு எழுதிவிடலாம் என்று கை போகும். அன்றைக்குத்தான் கீழே இறங்கியே ஆக வேண்டும்.

மேலே எடுத்து அடுக்குதல்

வாங்கப் போகும் கப்பலிடமிருந்து பட்டியல் வந்ததும் அமைதி கலையும். சந்திப்புக்கு ஒரு நாள் முன்பாகவோ இன்னும் முன்பாகவோ, வேண்டியவற்றை லிஃப்டில் மேலே கொண்டுவந்து, வடம் கட்டிச் சுமை அனுப்பும் எந்த நிலையத்துக்கு எது, ஹெலிகாப்டருக்கு எது என்று பிரித்து அடுக்க வேண்டும். சந்திப்பு விடியற்காலையில் என்றால் இரவு முழுக்க இந்த வேலை நடக்கும். அதற்கு முந்தைய பகலில் கிடைக்கும் நேரத்தில் எல்லாம் தூங்கிவிடுங்கள். படம் பார்க்கப் பிறகு நாட்கள் இருக்கின்றன.

பக்கத்தில் கப்பல் வரும்போது

இது இந்த வேலையின் உச்சம், பார்க்கவும் அழகானது. 1945-இன் தொடக்கத்தில், இரண்டாம் உலகப் போரின் இவோ ஜிமா தீவுச் சண்டையின்போது, ஓடிக்கொண்டே வெடிபொருள் மாற்றும் வேலையை ஷாஸ்டா போன்ற கப்பல்கள் செய்துகாட்டின. அன்றிலிருந்து அடிப்படை மாறவில்லை.

கொடுக்கும் கப்பல் ஒரே திசையில், ஒரே வேகத்தில், பொதுவாக 12 முதல் 16 நாட் வேகத்தில், மாறாமல் ஓடும். வாங்கும் கப்பல் பின்னாலிருந்து வந்து பக்கத்தில் இணையாக ஓடும். இடைவெளி ஏறக்குறைய 140 முதல் 200 அடி. இரண்டு கப்பல்களுக்கு நடுவே ஒடுங்கும் தண்ணீர் வேகமெடுத்து இரண்டையும் ஒன்றையொன்று நோக்கி இழுக்கும். அதனால் சுக்கான் பிடிப்பவர் பல மணி நேரம் பாகையில் பாதிகூடத் தவறாமல் ஓட்ட வேண்டும். அவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

கொடிகளைக் கவனியுங்கள். ரோமியோ கொடி பாதி ஏறியிருந்தால் தயாராகிக்கொண்டிருக்கிறோம், முழுதாக ஏறினால் வரலாம். பிராவோ ஏறியிருந்தால் வெடிபொருள் நகர்கிறது.

பிறகு ஒரு துப்பாக்கியால் மெல்லிய கயிற்றைச் சுடுவார்கள். ஊதல் கேட்டதும் மறைவுக்குப் போங்கள், கயிறு விழுந்த பிறகு வெளியே வாருங்கள். அந்த மெல்லிய கயிற்றில் தடித்த கயிறு, அதன் பின்னால் கம்பி வடம் என்று போகும். கூடவே தொலைபேசிக் கம்பியுடன் தூரம் காட்டும் கயிறும் போகும். அதில் 20 அடிக்கு ஒன்றாகப் பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை என்று சின்னக் கொடிகள் திரும்பத் திரும்ப வரும். அதைப் பார்த்தே கேப்டன் இடைவெளியை அறிவார்.

வடம் இரு கப்பல்களுக்கிடையே இறுகியதும் அதில் உருளைவண்டி ஓடும், சுமை அதில் தொங்கும். கப்பல்கள் ஆடும்போது வடம் அறுந்துவிடாதா என்று கேட்பீர்கள். ராம் டென்ஷனர் என்ற ஒரு கருவி, அழுத்தக் காற்றாலும் எண்ணெயாலும் நீண்டு சுருங்கி, வடத்தின் இறுக்கத்தை ஒரே அளவில் வைத்திருக்கிறது. கப்பல்கள் விலகினால் விட்டுக்கொடுக்கும், நெருங்கினால் தொய்வை உள்ளே இழுக்கும். முதல் தடவை அதன் அருகில் நின்று பார்த்தால், மூச்சுவிடும் உயிர்ப்பொருள் மாதிரி இருக்கும்.

டெக்கில் ஹெல்மெட் நிறத்தை வைத்து யார் யார் என்று தெரிந்துகொள்ளலாம். நிலையத்தை நடத்துபவர் மஞ்சள், வின்ச் இயக்குபவர் பழுப்பு, சைகை காட்டுபவர் பச்சை, கயிறு பிடிப்பவர் நீலம், கயிறு சுடுபவர் சிவப்பு. புதியவருக்குப் பெரும்பாலும் நீலம்தான். மஞ்சள் ஹெல்மெட் சொல்வதை மட்டும் கேளுங்கள். ஆனால் "நிறுத்து" என்று யார் சொன்னாலும் நிறுத்துங்கள்.

உடம்பைக் காக்கச் சில வழக்கங்கள்:

- மோதிரம், கைக்கடிகாரம், தொங்கும் கயிறு எதுவும் உடம்பில் வேண்டாம். உயிர்காப்புச் சட்டையைச் சரியாக மாட்டிக் கட்டுங்கள்.
- கயிறு வளையமாகக் கிடக்கும் இடத்துக்குள் கால் வைக்காதீர்கள். திடீரென இறுகினால் கால் போய்விடும்.
- கப்பிக்கு அருகே கையைக் கொண்டுபோகாதீர்கள், குறைந்தது ஆறடி விட்டு நில்லுங்கள்.
- தொங்கும் சுமைக்கும் கப்பல் விளிம்புக்கும் இடையில் நிற்கவே கூடாது. சுமைக்கு முதுகைக் காட்டவும் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவசரப் பிரிப்பு. சுக்கான் பழுதானால், என்ஜின் நின்றால், ஆள் விழுந்தால், குறுகிய ஊதல்கள் அடுத்தடுத்துக் கேட்கும். அப்போது சுமையை இழுத்து, வடத்தைத் தளர்த்தி, கொக்கியைத் தட்டி விடுவிக்க வேண்டும், அதுவும் சில நிமிடங்களுக்குள். ஓடக் கூடாது, கத்தக் கூடாது, செய்யும் வரிசை மாறக் கூடாது. வடம் இறுக்கமாக இருக்கும்போதே விடுவித்தால் அது சாட்டையாகப் பறந்து ஆளை வெட்டும். உங்கள் இடத்தில் நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

ஹெலிகாப்டர்

அதே சமயத்தில் பின்தளத்திலிருந்து ஹெலிகாப்டர் சுமைகளைத் தூக்கிப் போகும். முன்பு சீ நைட் ஹெலிகாப்டர்கள் இதைச் செய்தன, இப்போது எம்எச்-60எஸ். வலையிலோ தாங்கு பட்டையிலோ கட்டிய சுமையின் மேல் ஹெலிகாப்டர் நின்றபடி பறக்கும். கீழே நிற்பவர் கொக்கியை மாட்டிவிட்டு விலக வேண்டும். காற்றாடி சுழலும்போது ஹெலிகாப்டர் உடம்பில் நிலைமின்சாரம் சேரும். தடி போன்ற கருவியால் முதலில் அதை இறக்கிவிட்டுத்தான் கொக்கியைத் தொட வேண்டும், இல்லையென்றால் ஆளையே தூக்கி எறியும். தளத்தில் கிடக்கும் ஒரு பிளாஸ்டிக் தாள்கூட என்ஜினுக்குள் போகலாம். அதனால் வேலை தொடங்கும் முன் எல்லோரும் வரிசையாக நடந்து குப்பை பொறுக்குவார்கள். அந்த நடையில் சேர்ந்துகொள்ளுங்கள்.

முடிந்த பிறகு

கடைசிச் சுமை போனதும் வாங்கிய கப்பலிலிருந்து காலி பாலட்டுகள், வலைகள், ஏவுகணைப் பெட்டிகள் திரும்பி வரும். களைத்துப்போய் இருப்பீர்கள், இதுவும் வேலைதான். காலி என்று நம்பிவிடாமல் ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். வெடிபொருள் உள்ளே தங்கிவிட்ட பெட்டியைக் காலி என்று எழுதி அடுக்கினால் அது தவறான கிடங்கில் தவறான பக்கத்துப் பொருளோடு போய்ச்சேரும்.

வடங்கள் உள்ளே வந்து, கப்பல்கள் பிரியும்போது பல கப்பல்களில் ஒலிபெருக்கியில் ஒரு பாட்டுப் போடுவார்கள், ஒவ்வொரு கப்பலுக்கும் தனக்கென்று ஒரு பாட்டு. எதிர்க் கப்பலின் டெக்கிலிருந்து கை அசைப்பார்கள். நீங்களும் அசையுங்கள்.

பிறகு சரக்கு அறைக்கு இறங்குங்கள். சரக்கு எடுத்த இடங்களில் இப்போது இடைவெளி இருக்கும். மீதியுள்ளவற்றை மறுபடி அடைத்து இறுக்க வேண்டும். போனவற்றின் லாட் எண்களைப் பதிவேட்டோடு ஒத்துப்பாருங்கள். ஒரு பெட்டி இடித்தால்கூட மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள், இரவு எத்தனை மணியானாலும். மூடும் கதவின் பிடிகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, வெப்பமானியில் எண்ணைப் பார்த்து எழுதிவிட்டு மேலே வாருங்கள். அடுத்த பட்டியல் பெரும்பாலும் நீங்கள் தூங்கும்போதே வந்துவிடும்.